வீட்டிலேயே மேக்கப்பும் நெயில் பாலிஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைகளும் அலுவலகத் தோழிகளும் மாடி வீட்டு அக்காவும் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கேள்விகள் இவை. நான் பார்லர் நடத்துகிறவள் இல்லை. சென்னை வெயிலில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவள். பன்னிரண்டு வருடமாக என் முகத்துக்கும் நகத்துக்கும் நானேதான் செய்துகொள்கிறேன். நம் ஊர் வியர்வையிலும் நம் மாநிறத்திலும் எது நிற்கும் எது நிற்காது என்பதை அப்படிச் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். என்னென்ன வாங்கட்டும்?

சன்ஸ்கிரீன், கன்சீலர் (தழும்பையும் கருமையையும் மறைப்பது), காம்பேக்ட் (கண்ணாடி டப்பாவில் வரும் அழுத்திய பவுடர்), கண்மை, லிப்ஸ்டிக். இந்த ஐந்தோடு நிறுத்துங்கள். லிப்ஸ்டிக்கையே விரலில் தொட்டுக் கன்னத்தில் ஒற்றினால் பிளஷ் ஆகிவிடும். முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷன், அதற்கு அடியில் பூசும் பிரைமர், மினுக்கும் ஹைலைட்டர் எல்லாம் கை பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். இருபது நிறங்கள் அடுக்கிய பெரிய ஐஷேடோ பெட்டியைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதில் நான்கு நிறம்தான் கரையும், மீதி அப்படியே காய்ந்து போகும். அந்தப் பணத்தை நல்ல சன்ஸ்கிரீனில் போடுங்கள்.

ஃபவுண்டேஷன் போட்டாலே முகம் சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது. ஏன்?

நான் அதிகம் சந்திக்கும் கேள்வி இதுதான். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம், தன் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாக வாங்கியிருப்பது. கடையில் இருப்பவரும் "இது போட்டா பிரைட்டா இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். மாநிறத்தின் மேல் வெளிர் ரோஸ் சாயல் உள்ள கலவையைப் பூசினால், அடியில் இருக்கும் பழுப்பும் மேலே இருக்கும் வெளுப்பும் கலந்து சாம்பலாகத்தான் தெரியும். நம்மில் பெரும்பாலோருக்கு மஞ்சள் அல்லது பொன் சாயல் உள்ளது பொருந்தும். சிலருக்கு லேசான பச்சை சாயலும், நல்ல கருமையான தோலுக்குச் சில சமயம் செம்மை கலந்ததும் எடுப்பாக இருக்கும்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். கருமையான தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, அதை நம்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஷேடுகள் மூன்றை, தாடை எலும்பு ஓரம் கழுத்து வரைக்கும் மூன்று கோடாக இழுங்கள். புறங்கையில் பார்க்காதீர்கள், வெயில் பட்டுப் பட்டு அதன் நிறமே வேறு. இழுத்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் வெள்ளை விளக்கு எல்லாவற்றையும் அழகாகக் காட்டிவிடும். கால் மணி நேரம் அப்படியே சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். தோலின் எண்ணெயும் காற்றும் பட்டுச் சில ஃபவுண்டேஷன் கொஞ்சம் கருக்கும். அப்போது எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறதோ, அதுதான் உங்கள் ஷேடு.

நெற்றியும் வாயோரமும் கழுத்தைவிடக் கருத்திருப்பது நமக்குச் சாதாரணம். கழுத்துக்குப் பொருந்துவதை வாங்கி, கருத்த இடத்தை மட்டும் கரெக்டரால் (கருமையை அடக்கும் ஆரஞ்சு நிறக் கிரீம்) சமன்செய்யலாம். முகம் முழுவதையும் வெளுப்பாக்கப் போனால் கழுத்தில் கோடு விழுந்துவிடும். உங்கள் நிறம் உங்கள் நிறமாகவே தெரிய வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கலர் வரவைக்கும் கிரீமை முதலில் பூசி, அதன் மேல் மேக்கப் போடலாமா?

போடாதீர்கள். "ஏழு நாளில் சிவப்பழகு" என்று வரும் பெயர் தெரியாத கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிறுநீரகம் பாதித்து வந்த சிலர் இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசிவந்தவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தது 2023-ல் செய்தியானது. ஸ்டீராய்டு கிரீம் முதல் மாதம் பளபளப்பைக் காட்டும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு பொங்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். ஸ்டீராய்டு கிரீமை ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய் படிப்படியாக நிறுத்துங்கள்.

மேக்கப்பில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கிறதே, சன்ஸ்கிரீன் தனியாக வேண்டுமா?

வேண்டும். எஸ்பிஎஃப் என்பது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண். காம்பேக்டில் எழுதியிருக்கும் அந்த அளவு முழுதாகக் கிடைக்க, யாரும் பூசாத அளவுக்கு அப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. எஸ்பிஎஃப் 30 வெயிலில் உள்ள, தோலைச் சுடும் யூவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். பெரிய வித்தியாசம் இல்லை, கஞ்சத்தனமில்லாமல் பூசுவதுதான் முக்கியம். பூசிவிட்டு ஐந்து பத்து நிமிடம் விட்டு மேக்கப்பை ஆரம்பித்தால் திரளாது.

தினமும் வேலைக்குப் போக ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன செய்யலாம்?

குளித்து வந்ததும் சன்ஸ்கிரீன். அது ஊறுவதற்குள் புடவையோ சுடிதாரோ கட்டி முடித்துவிடுங்கள். கண்ணுக்கடியில், மூக்கோரம், வாயோரம், பருத் தழும்பு மேல் மட்டும் கன்சீலரைப் புள்ளி வைத்து விரலால் ஒற்றுங்கள். தேய்த்தால் இடம் மாறிப் போய்விடும். நெற்றி, மூக்கு, முகவாய்க்கு மட்டும் காம்பேக்ட். புருவத்தைச் சீவி, இடைவெளி இருக்கும் இடத்தில் அடர்பழுப்புப் பென்சிலால் முடி முடியாக வரையுங்கள். முழுக் கருப்பு வேண்டாம், முகம் கடுகடுவென்று ஆகிவிடும். கண்மை, லிப்ஸ்டிக், அதிலேயே ஒரு தொடு கன்னத்துக்கு. முடிந்தது. புருவம் திருத்தமாக இருந்தாலே பாதி மேக்கப் ஆனது போலத்தான்.

பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் எல்லாம் வழிந்துவிடுகிறது!

குளித்த சூடு அடங்காமல், வியர்த்துக்கொண்டே போட்டால் எதுவும் நிற்காது. ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நான் ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி முகத்தில் ஒற்றுவேன். நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். பிறகு கனமாக ஒரு பூச்சு போடுவதைவிட மெல்லிசாக இரண்டு பூச்சு. எண்ணெய் வழியும் சருமத்துக்கு ஜெல் மாதிரியான மாய்ஸ்சரைசர் போதும். ஆனால் அதைத் தவிர்க்காதீர்கள்.

வழியில் வியர்த்தால் கைக்குட்டையால் துடைக்காமல் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுங்கள். ஈரத்தின் மேல் பவுடரைப் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம்தான் பவுடர்.

கண்மை ஈஷிக்கொண்டு கண்ணைச் சுற்றிக் கருப்பாகிவிடுகிறது. எந்த மை நல்லது?

கண்ணுக்கடியில் கிரீமோ எண்ணெயோ இருந்தால் எந்த மையும் இறங்கும். மை வைப்பதற்கு முன் கீழிமையை பட்ஸால் துடைத்து, துளி பவுடரைத் தொட்டு வையுங்கள். மை வைத்தபின் அதே கருப்பில் ஐஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் அதன் மேல் ஒற்றினால் மாலை வரைக்கும் அசையாது. கண் ஓரத்தில் வழிகிறவர்கள் மூக்குப் பக்க மூலையை விட்டுவிட்டு வெளிப்பக்கம் மட்டும் தீட்டுங்கள்.

எங்கள் பாட்டி காலத்து ஐடெக்ஸ் சிமிழில் தொடங்கி இன்றைய வாட்டர்புரூஃப் பென்சில் வரை எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், தயாரிப்பாளர் பெயரும் தேதியும் இல்லாத உதிரிச் சுர்மாவை மட்டும் வாங்காதீர்கள். பழைய வகைச் சுர்மா, ஈயம் உள்ள கல்லைப் பொடித்துச் செய்வது. அழகுசாதனப் பொருளில் நிறத்துக்காக ஈயக் கலவை சேர்ப்பதை இந்தியச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் திருவிழாக் கடைகளில் அது கிடைக்கத்தான் செய்கிறது. குழந்தைகள் கண்ணுக்கு எந்த மையும் வேண்டாம்.

இன்னொன்று, கண் மையையும் மஸ்காராவையும் யாருக்கும் இரவல் தராதீர்கள். கல்லூரி விடுதியில் ஒரே பென்சிலை நாங்கள் நாலு பேர் வைத்துக்கொண்டு, நாலு பேருக்கும் அடுத்தடுத்து மெட்ராஸ் ஐ வந்தது. பரீட்சை நேரம் வேறு. அன்றிலிருந்து உடன்பிறந்தவளாக இருந்தாலும் கண் சாமான் தனித்தனிதான்.

கருவளையம் மேல் கன்சீலர் போட்டால் இன்னும் எடுத்துக் காட்டுகிறதே?

வெளிர் கன்சீலரை நேராகப் போட்டால் அப்படித்தான். நம் கருவளையம் நீலமும் பழுப்பும் கலந்தது. அதை ஆரஞ்சு நிறம் அடிக்கும். மாநிறத்துக்குப் பீச் ஆரஞ்சு, கருமையான தோலுக்கு அடர் ஆரஞ்சு. பட்டாணி அளவில் பாதி எடுத்துக் கருத்த இடத்தில் மட்டும் ஒற்றி, அதன் மேல் உங்கள் நிறக் கன்சீலரைப் போடுங்கள். கரெக்டர் இல்லையென்றால் ஆரஞ்சு சாயல் லிப்ஸ்டிக்கை மிக மெல்லிசாகத் தொட்டுப் பார்க்கலாம், அவசரத்துக்கு உதவும். லிப்ஸ்டிக்கைக் கண்ணுக்குள் பட விடாதீர்கள்.

ரிசப்ஷனுக்கோ பிறந்தநாள் விருந்துக்கோ நானே போட்டுக்கொள்வது எப்படி?

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். தலையை முடித்துவிட்டு முகம், அப்புறம் புடவை, கடைசியில் லிப்ஸ்டிக், பூ. தலை வழியாக மாட்டும் உடை என்றால் அதை முதலிலேயே அணிந்து, தோளில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணை முதலில் முடிப்பது என் வழக்கம். ஐஷேடோப் பொடி கன்னத்தில் உதிர்ந்தாலும் துடைத்துவிட்டு ஃபவுண்டேஷனைத் தொடங்கலாம். இமை முழுதும் நடுத்தரப் பழுப்பு, வெளி ஓரத்தில் அடர் பழுப்பு அல்லது மெரூன். நடுவில் விரலால் தொட்டுப் பொன் அல்லது செம்பு மினுக்கு. பட்டுப்புடவைக்குச் செம்பும் பழைய பொன்னும் பொருந்துகிற மாதிரி வெள்ளி பொருந்துவதில்லை, வெள்ளிச் சரிகையாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஐலைனர் போடும்போது கண்ணை இழுத்துப் பிடிக்காதீர்கள், விட்டதும் கோடு சுருங்கிக் கோணலாகும். முழங்கையை மேசையில் ஊன்றி, கீழே வைத்த கண்ணாடியைப் பார்த்துச் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து இணையுங்கள். வால் இழுக்க, கீழிமை கோடு மேல்நோக்கிப் போகும் சாய்வைப் பின்பற்றினால் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வரும்.

ஃபவுண்டேஷனுக்கு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, தட்டித் தட்டி வையுங்கள். காதுமடலுக்கும் கழுத்துக்கும் மீதியைத் தடவ மறக்காதீர்கள். மண்டப விளக்கு நிறத்தைத் தின்றுவிடும். அதனால் கன்னச் சிவப்பும் உதட்டு நிறமும் வீட்டுக் கண்ணாடியில் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் அங்கே சரியாக இருக்கும். ஆனால் கண், உதடு இரண்டில் ஒன்றுதான் பேச வேண்டும். புகை படிந்த மாதிரிக் கண் என்றால் உதட்டுக்குப் பழுப்பு ரோஸ். ரத்தச் சிவப்பு உதடு என்றால் கண்ணுக்கு மெல்லிய லைனர்.

எந்தப் புதிய பொருளையும் விசேஷ நாளில் முதன்முறையாகப் போடாதீர்கள். இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்.

நேரில் நன்றாக இருந்த முகம் ஃபோட்டோவில் மாவு பூசியது போல வெளுத்துத் தெரிகிறது. ஏன்?

ஃப்ளாஷ்தான் காரணம். சன்ஸ்கிரீனில் உள்ள சிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு, நிறமில்லாத பவுடரில் உள்ள சிலிகா ஆகியவை ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கும். ராத்திரி விசேஷத்துக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை, விட்டுவிடலாம். வெள்ளைப் பவுடருக்குப் பதில் உங்கள் நிறப் பவுடரைப் போடுங்கள். கிளம்புமுன் இருட்டு அறையில் ஃப்ளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்துவிட்டால் கவலையே இல்லை.

சாப்பிட்டதும் லிப்ஸ்டிக் போய்விடுகிறது. மாநிறத்துக்கு எந்த நிறம்?

வறண்ட உதட்டில் நிற்காது. லிப் பாம் தடவிப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, ஒரு பூச்சு, டிஷ்யூவைக் கவ்வி எடுத்தல், மறுபடி ஒரு பூச்சு. செங்கல் சிவப்பு, மெரூன், பெர்ரி, காபிப் பழுப்பு எல்லாம் நமக்கு அமோகமாகப் பொருந்தும். வெளிர் ரோஸ் மட்டும் உதட்டை வெளிறடிக்கும். பிடித்தே இருந்தால் அடர்பழுப்பு லிப் லைனரை ஓரத்தில் வரைந்து நடுவில் அதைப் போடுங்கள். விருந்தில் எண்ணெய்ப் பண்டம் எந்த லிப்ஸ்டிக்கையும் கரைக்கும், பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. மேக்கப்பால் மறைக்கலாமா?

மறைக்காமல் முதலில் பொட்டை நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பசையில் பாரா-டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த இடத்தில் தோலின் நிறத்தையே போக்கிவிடும். அரிப்போ வெளுப்போ ஆரம்பித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஐலைனரால் பொட்டு வரைந்துகொள்வது அழகாகவும் இருக்கும், எந்த நிறத்திலும் வைக்கலாம்.

நெயில் பாலிஷ் இரண்டே நாளில் உரிந்துவிடுகிறது. பாத்திரம் தேய்க்கிற கைக்கு நிற்கவே நிற்காதா?

நிற்கும். எனக்கு ஐந்தாறு நாள் நிற்கிறது. குளித்தவுடனோ துணி துவைத்தவுடனோ போடாதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும், காய்ந்ததும் சுருங்கும், மேலே இருக்கும் பாலிஷ் விரிசல் விடும். நகத்தில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஒட்டாது. போடுவதற்கு முன் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

பாட்டிலைக் குலுக்கினால் குமிழ் வரும், உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். அடியில் நிறமில்லாத பேஸ் கோட் ஒன்று, நிறம் மெல்லிசாக இரண்டு, மேலே காப்பாக டாப் கோட் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிடமாவது. நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுங்கள், உரிவது அங்கேதான் தொடங்கும். தொட்டால் ஒட்டாமல் இருப்பதற்குப் பதினைந்து நிமிடம் போதும், முழுதாக இறுகப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி பாத்திரமெல்லாம் கவிழ்த்த பிறகு போடச் சொல்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை டாப் கோட் மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டாதீர்கள். அதுதான் நகக்கண்ணுக்குக் கதவு. வெட்டினால் கிருமி புகுந்து நகச்சுத்தி வரும். குளித்த பிறகு துண்டால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

இடது கையால் வலது கைக்குப் போட வரவில்லை.

பிரஷ்ஷை அசைக்காமல் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்துங்கள்! இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வராத கைக்கு முதலில் போட்டுவிடுங்கள், அப்போது இன்னொரு கை ஈரமில்லாமல் இருக்கும். நடுவில் ஒரு கோடு, பக்கத்துக்கு ஒன்று, மூன்றே இழுப்பு. ஓரத்தில் பட்டதை ரிமூவரில் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். சதையை ஒட்டாமல் ஒரு மயிரிழை இடம் விட்டால் திருத்தமாகத் தெரியும்.

விருந்துக்கு நகத்தில் என்ன டிசைன் சுலபம்?

மேட் மெரூனில் மோதிர விரலுக்கு மட்டும் பொன் மினுக்கு. அல்லது குண்டூசித் தலையில் பாலிஷைத் தொட்டுக் கோலப் புள்ளிகள். ஐந்து புள்ளி, நடுவில் ஒன்று வைத்தால் பூ. குட்டையான நகத்திலும் எடுப்பாக இருக்கும். கையால் சாப்பிடுகிற நமக்கு நீள நகம் தொல்லைதான்.

பிரியாணி சாப்பிட்டால் நகம் மஞ்சளாகிறது.

மஞ்சள்பொடி பிடிக்கும். வெளிர் நிறத்தின் மேல் டாப் கோட் இருந்தால் ரிமூவர் இல்லாமலே எலுமிச்சைத் தோல் தேய்த்துப் பெருமளவு போக்கலாம். பாலிஷ் எடுத்த பிறகும் நகமே மஞ்சளாக இருந்தால், பேஸ் கோட் இல்லாமல் அடர்நிறம் போட்டதுதான் காரணமாக இருக்கும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். நகம் தடித்து உடைந்தால் அது வேறு சங்கதி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டிலேயே ஜெல் பாலிஷ் போடலாமா?

யூவி விளக்கில் காட்டி இறுகவைக்கும் பாலிஷ் அது. நான் போடுவதில்லை. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம், வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும். சில ஜெல்களில் இறுகுவதற்காகச் சேர்க்கும் டிபிஓ (TPO) என்ற பொருளை அழகுசாதனங்களில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. போட்டே ஆகவேண்டுமென்றால் ஜெல்லோடு வந்த விளக்கையே பயன்படுத்துங்கள், கைக்கு சன்ஸ்கிரீன் தடவுங்கள், சதையில் பட்டதை விளக்கில் வைக்குமுன் துடையுங்கள். எடுக்கும்போது சுரண்டவே கூடாது, நகத்தின் மேலடுக்கு சேர்ந்து வந்துவிடும்.

ரிமூவர் எதுவாக இருந்தாலும் அடுப்பு, ஊதுபத்தி, காமாட்சி விளக்கு பக்கத்தில் திறக்காதீர்கள். குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பாலிஷ் கெட்டியாகிவிட்டது, ரிமூவர் ஊற்றலாமா?

கூடாது, கலவை கெட்டுவிடும். நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஏன் பாலிஷை எடுக்கச் சொல்கிறார்கள்?

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் நகம் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. அடர்நிறம் அதைக் குழப்பும். நகத்தின் நிறம் நீலம் பாய்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

மருதாணியா, நெயில் பாலிஷா?

இரண்டும் வைக்கலாம். தொழுகைக்கு முன் கை கழுவும்போது தண்ணீர் நகத்தில் படவேண்டும் என்பதால் என் தோழி பாலிஷ் போடாமல் நகத்துக்கு மருதாணியே வைப்பாள், அவ்வளவு அழகாகச் சிவக்கும். அரைத்த இலையின் சிவப்பு எடுத்தவுடன் ஆரஞ்சாக இருந்து ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். எடுத்தவுடனே கருப்பாக இருக்கும் "பிளாக் மெஹந்தி" வேண்டாம். அதில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி இருக்கும், கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும்.

ராத்திரி அலுப்பில் மேக்கப்போடு தூங்கிவிட்டால்?

ஒரு நாளுக்கு ஒன்றும் ஆகாது, வழக்கமாக்காதீர்கள். கண்ணுக்கு ரிமூவர் தொட்ட பஞ்சைப் பதினைந்து நொடி வைத்து அழுத்திவிட்டுத் துடையுங்கள், தேய்த்தால் இமை முடி கொட்டும். முகத்துக்குத் தேங்காய் எண்ணெயும் போதும், ஆனால் பரு வருகிற தோல் என்றால் மைசெல்லார் வாட்டர் (மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் தண்ணீர் போன்ற திரவம்) நல்லது. எதுவானாலும் கடைசியில் ஃபேஸ்வாஷ். ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் வாரம் ஒருமுறை ஷாம்பூ போட்டுக் கழுவிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். திறந்த டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்று அச்சிட்டிருப்பது, திறந்த பின் எத்தனை மாதம் என்று அர்த்தம். மஸ்காராவை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

என் ஐந்து வயது மகள் தனக்கும் போடச் சொல்லி அழுகிறாள்.

என் அக்கா மகளும் அப்படித்தான். அவளுக்கு நான் கண்ணிலோ உதட்டிலோ எதுவும் போடுவதில்லை. மருதாணி இலையை அரைத்து, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டமும் விரல் நுனிக்குத் தொப்பியும் வைத்துவிடுவேன். கையை விரித்துப் பிடித்தபடியே தூங்கிப்போவாள். காலையில் எழுந்ததும் யார் கை அதிகம் சிவந்தது என்று என் கையோடு வைத்துப் பார்ப்பாள்.